மேட்டில் வந்த தாடை வலி

எனக்கு முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, இடப்பக்கக் கீழ்த்தாடை.

அது டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாரிஸுக்கு வெளியே ஒரு பூங்காவில் குறுக்கோட்டப் போட்டி (சேறும் மேடுமான தரையில் ஓடுவது, இங்கே குளிர்காலத்தில்தான் நடக்கும்). இரண்டாவது மேட்டில் ஏறும்போது கடைவாய்ப் பல்லுக்குக் கீழே யாரோ விரலால் அழுத்துவதுபோல் இருந்தது. மேடு முடிந்து வேகம் குறைந்ததும் போய்விட்டது. பல்லில் குளிர் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஐம்பது வயது. பள்ளிக்கூடம் ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. கணவர் லா சப்பலில் (பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி) ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். மகள் அபி இங்கே பிறந்தவள். நான் ஓடத் தொடங்கியதே நாற்பதைத் தாண்டியபின்தான். எங்கள் பகுதி ஓட்டச் சங்கத்தில் என்னைவிட மெதுவானவர்கள் அதிகம் இல்லை. ஆனால் எங்கள் வயதுப் பெண்களில் நான்கு பேர் ஓடி முடித்தால்தான் அணிக்குப் புள்ளி. அந்த நாலாவது ஆள் பெரும்பாலும் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேட மூன்று பேர் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். பல்லில் ஒன்றும் இல்லை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் போலிருக்கிறது என்றார். நம்பினேன். பிறகு பேருந்தைப் பிடிக்க ஓடியபோதும் அதே வலி வந்தது. சாமான் பைகளோடு நான்காம் மாடிக்கு ஏறியபோதும் வந்தது. நின்றால் போய்விடும்.

அடுத்த போட்டி ஜனவரியில். புல்லெல்லாம் உறைந்து காலடியில் நொறுங்கியது. மேட்டின் பாதியில் தாடையைப் பிடித்த வலி இடது கைக்கு இறங்கியது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த நதின் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். எங்கள் அணிக்காரி, தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பல்வலி என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"என்ன, பல்லா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"பல்தான்."

"ஓடும்போது மட்டும் வருகிறதா? நின்றால் போய்விடுகிறதா?"

தலையாட்டினேன். அவள் முகம் மாறியது. "உட்கார். இனி ஓர் அடிகூட எடுத்து வைக்காதே."

"நாலு பேர் வேண்டுமே" என்றேன். அவள் தன் கையுறைகளைக் கழற்றி என் கைகளில் மாட்டிவிட்டு, மேட்டின் உச்சியில் நின்ற உதவியாளரைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினாள். மற்றவர்கள் எங்களைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மாவுக்கும் மாரடைப்பு தாடையில்தான் தொடங்கியது என்பதைப் பிறகு சொன்னாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தள்ளுகட்டிலில், சேறு படிந்த ஓட்டச் சப்பாத்துகள் காலில் இருக்கப் படுத்திருந்தேன். ஈசிஜி (இதயத்தின் மின் துடிப்பைப் பதியும் சோதனை) சரியாக இருந்தது. இரத்தச் சோதனையும் சரி. வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அங்கிருந்த இளம் மருத்துவர், நதின் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டார். உடல் உழைக்கும்போதுதான் இது தெரியும் என்று சொல்லி, மிதிவண்டிச் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அதுவரை மாடிப்படியைக்கூட நின்று நின்றுதான் ஏற வேண்டும்.

அந்தச் சோதனையில், நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, அசையாத சைக்கிளை மிதிக்கச் சொன்னார்கள். தாதி பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். "வருகிறது" என்றேன். இதய மருத்துவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். "நிறுத்துங்கள். இப்போதே நிறுத்துங்கள்." அதுவரை மென்மையாகப் பேசிக்கொண்டிருந்த பெண்மணி அவர். அந்தக் குரலைக் கேட்டபோது, செத்துப்போவேன் என்று முதன்முதலாக நினைத்தேன்.

கணவர் கடை அங்கியோடே ஓடி வந்தார்.

"என்னவாம்?"

"நெஞ்சுக்கு இரத்தம் போற குழாய் அடைச்சிருக்காம்."

"நீர் ஓடுற ஆள் எல்லே? உமக்கு எப்பிடி?"

அதையேதான் நானும் மருத்துவரிடம் கேட்டேன். என் அப்பா எந்த வயதில், எதனால் இறந்தார் என்று அவர் திருப்பிக் கேட்டார். மாரடைப்பு; ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. "ஓட்டம் நல்லதுதான். ஆனால் அது பரம்பரையை அழித்துவிடாது" என்றார். எனக்கு வந்தது ஆஞ்சினா (இதயத் தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்காதபோது வரும் வலி). குளிரில் குழாய்கள் சுருங்குவதால் அது இன்னும் சீக்கிரம் வருமாம். பெண்களுக்குத் தாடையிலோ முதுகிலோ மட்டும் காட்டுவதும் உண்டாம்.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி ஸ்டென்ட் (அடைபட்ட இடத்தைத் திறந்து வைத்திருக்கும் சிறிய கம்பி வலை) வைத்தார்கள். நான் விழித்தபடியே கிடந்தேன். அடைபட்டிருந்தது இதயத்தின் முன்பக்கத்துப் பெரிய குழாய். "அந்த மேட்டில் தொடர்ந்து ஓடியிருந்தால்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. நீங்கள் நின்றது நல்லது" என்றார் மருத்துவர்.

வீடு திரும்பிய பிறகு வரும் பயத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன். குளியலறைக் கதவைத் தாழிடப் பயம். இடப்பக்கம் திரும்பிப் படுக்கப் பயம். ஜன்னலைத் திறந்து குளிர்காற்று முகத்தில் பட்டால், தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கணவர் கடையிலிருந்து அடிக்கடி அழைப்பார். "தேத்தண்ணி குடிச்சீரோ?" என்பார். என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார். அபி பிரெஞ்சில் ஒரே வரிதான் சொன்னாள்: "அம்மா, ஓட்டம் முடிந்தது." சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள்.

இதய மீள்பயிற்சிக்கு (மருத்துவக் கண்காணிப்பில் செய்யும் உடற்பயிற்சி) போனேன். அங்கே பெரும்பாலும் என்னைவிட மூத்த ஆண்கள். மறுபடியும் கம்பிகள், மறுபடியும் அசையாத சைக்கிள். நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்கியதும் திரையைப் பார்ப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. வியர்வையோடு கண்ணீரும் வழிந்தது.

அடுத்த குளிர்காலம் ஓட அனுமதி கிடைத்தது. நிதானமாக உடலைச் சூடாக்க வேண்டும், வாயை மூடித் துணி கட்ட வேண்டும், வலி வந்தால் உடனே நின்று, நாக்கின் கீழ் அடிக்கும் மருந்தை எடுக்க வேண்டும். யாரையும் முந்தப் பார்க்கக் கூடாது.

"போகத்தான் வேணுமோ?" என்று கணவர் கேட்டார்.

"போகாட்டில் இப்பிடியே வீட்டுக்குள்ள இருந்திடுவன். அதுக்கும் பயமாக் கிடக்கு."

"அப்ப நானும் வாறன்."

என் போட்டி எதையும் அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று, நான் வளைவில் திரும்பும்போதெல்லாம், சேற்றில் சறுக்கிக்கொண்டே வயலைக் குறுக்கே வெட்டி ஓடி வந்து அடுத்த வளைவில் நின்றார். மேட்டில் தாடை இறுகியது. நின்றேன். மருந்தைக் கையில் எடுத்தேன்.

"என்ன? வலிக்குதோ?" அவருக்கு என்னைவிட மூச்சு வாங்கியது.

"தெரியேல்லை. பொறுங்கோ."

இருவரும் அசையாமல் நின்றோம். அது வலி இல்லை. குளிரில் நானே பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மருந்தைப் பைக்குள் வைத்துவிட்டு மேட்டின் மிச்சத்தை நடந்தேன். இறக்கத்தில் ஓடினேன். கடைசியாகத்தான் முடித்தேன். எல்லைக் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள்.

திரும்பும் ரயிலில் கணவரின் காற்சட்டை முழங்கால்வரை சேறாக இருந்தது.

"அடுத்த போட்டி எப்ப?"

"ரெண்டு கிழமையிலை."

முன்பெல்லாம் பருவம் தொடங்கும்போதே கடைசிப் போட்டிவரை யோசித்து வைத்துவிடுவேன். அன்று இரண்டு வாரம் தள்ளி ஒரு நாளைச் சொல்லவே பயமாக இருந்தது. அவ்வளவு தள்ளிய நாளுக்கு நான் யாருக்கும் வாக்குக் கொடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. ரயிலின் சத்தத்துக்கு நடுவே நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. நான் உயிரோடு இருந்த ஐம்பது வருடமும் அது இப்படித்தான் அடித்திருக்க வேண்டும். ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்காமல் இருக்க முடிவதில்லை.