பாதி மாத்திரை

கேகாலையில் ஞாபகமறதிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்தபோது, ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்துவது என் வேலை. பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் சொல்ல மாட்டார்கள்.

வந்தவர்களில் ஒருவர் ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் குடை. எதைச் சொன்னாலும், சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று தலையாட்டுவார். மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றதற்கும் அதேதான்.

ஒருநாள் பேச்சுவாக்கில், தினமும் மாத்திரையைப் பால் வெட்டுகிற கத்தியால் இரண்டாக்கி, பாதியை வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுத்த ரத்தம், கேட்ட கேள்வி எல்லாம் வீண்.

"அவரு என்ன, ஒங்க சொந்தக்காரரா?" என்று கத்தினேன்.

"அவனா? நான் வச்ச பலா மரத்தக் கேக்காம வெட்டிப்புட்டான். அதுலேருந்து தெனமும் சண்டதான்."

"பொறகு ஏங்க குடுத்தீங்க?"

"இப்பக் கேட்டா, எந்த மரம்ங்கிறான் தம்பி. அவன் மறந்துட்டா நான் யாருகூட சண்ட போட?"

டாக்டர் அவரைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார். மீதி மாத்திரையைக் கேட்டு நான்தான் கை நீட்டினேன். அன்றைக்கு அவர் "ஹரி" சொல்லவில்லை.

"ரெண்டு நாளா மறுபடி என்னையத் திட்ட ஆரம்பிச்சிருக்கான். இப்பப் போயி நிப்பாட்டுறீங்களே."

அந்த டப்பாவில் இருந்தது மருந்தா மாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.