ஓடுகிற மோட்டாரை மாற்ற விதியில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப்பேர் அண்ணனைத் தேடி வந்தது, வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றபோதுதான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிக் கூட்டிப்போனவர்களும் உண்டு. அவர் காலமாகி ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதையாவது எழுதிவைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது கன்னிவாடியில். அவர் ஐ.டி.ஐ. முடித்த ஆண்டிலேயே அப்பா தவறிவிட்டார். பழனி சாலையில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் என்னைப் பட்டப்படிப்புவரை படிக்கவைத்தார். பிறகு நானும் அதே மில்லில் கொள்முதல் பிரிவில் சேர்ந்து, விதிமுறைகளை மனப்பாடம் செய்து, அதன் தலைமைக்கு வந்தேன். அண்ணன் மின் பிரிவு ஃபோர்மேன் ஆனார்.

மில்லின் ஒவ்வொரு மோட்டாருக்கும் அவர் ஓர் அட்டை வைத்திருந்தார். எப்போது பேரிங் மாற்றியது, எப்போது எரிந்தது, யார் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியது, கட்டுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை ஆம்பியர் இழுத்தது எல்லாம் அதில் இருக்கும். எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டி ஓட்டுவது வழக்கம். பழைய கம்பியை அவசரமாகச் சுட்டு எடுத்துக் கட்டினால், அதே வேலைக்கு அது கூடுதல் மின்சாரம் குடிக்கும், அதிகம் சூடாகும், சீக்கிரமே மறுபடி எரியும். இதை அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். நாங்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம்.

நூற்கும் கூடத்துக்கு ஈரக்காற்று தள்ளும் பெரிய விசிறியின் மோட்டார்தான் அவருடைய தீராத கவலை. மூன்று முறை கட்டியது அது. ஓய்வு பெறுவதற்குள் அதைக் கழற்றிவிட்டு, மின்சாரம் குறைவாக எடுக்கும் புதிய மோட்டாரை வைத்துவிட வேண்டும் என்று விரும்பினார்.

அவருடைய பணியின் கடைசி ஆண்டு ஆயுத பூஜையன்று ஃபிட்டர் முருகேசன் பக்தி முற்றிப்போய், ஹோஸ் பைப்பை எடுத்து அந்த மோட்டாரைக் கழுவிவிட்டார். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் உள்ள பழைய வகை அது.

"ஏலே முருகேசா, சாமி கும்புடச் சொன்னா குளிப்பாட்டியா விட்டுருக்க?"

"அழுக்கா கெடந்துச்சுண்ணே. பொட்டு ஒட்டமாட்டேன்னுச்சு."

அண்ணன் மோட்டாரைச் சுற்றிப் பெரிய பல்புகளை எரியவிட்டு உலர்த்தத் தொடங்கினார். மறுநாள் மாலைக்குள் ஈரம் போய்விடும் என்றார். ஆனால் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து முதல் சுவிட்சைப் போடுவது எங்கள் மில் வழக்கம். மானேஜர் சூடத் தட்டோடு வந்து நின்றார்.

"ஒம்பதே காலோட நல்ல நேரம் முடியுதுங்க. வெரசா போடுங்க."

"உள்ள ஈரம் கெடக்குங்க சார். இந்த ஒண்ண மட்டும் சாயங்காலம் போட்டுக்குவோம்."

"நல்ல நாளும் அதுவுமா தடங்கல் சொல்றீங்களே."

மானேஜரே சுவிட்சைப் போட்டார். சூடம் அணைவதற்குள் மோட்டார் எரிந்துவிட்டது.

அன்றே அண்ணன் அட்டையின் நகலை இணைத்து, புதிய மோட்டார் கேட்டுக் குறிப்பு எழுதினார். அது என் மேசைக்கு வந்தது. மூன்று கொட்டேஷன் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அவர் கோயம்புத்தூருக்கே போய் மூன்றையும் வாங்கிவந்தார். அதற்குள், உற்பத்தி நிற்கக் கூடாது என்று பழைய மோட்டாரை நான்காவது முறையாகக் கட்டி மாட்டிவிட்டார்கள். கட்டுவது பழுதுபார்ப்பு, அதற்கு மானேஜர் கையெழுத்தே போதும். 'மோட்டார் தற்போது இயங்குவதால் கொள்முதலுக்குத் தேவை எழவில்லை' என்று எழுதிக் கோப்பை முடித்தேன். ஓடும்போது மாற்றக் காரணமில்லை. எரிந்தபோது மாற்ற நேரமில்லை. படித்தவர்கள் கூடி உட்கார்ந்து திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"நீ எழுதுனதுல தப்பில்லடா. ரூல்படி சரிதான்" என்றார் அண்ணன். "அந்த மோட்டாருக்குத்தான் ரூல் படிக்கத் தெரியல."

"படிக்கவச்சது நீங்கதான, அனுபவிங்க" என்று காபியை என் முன்னால் வைத்தார் மதினி.

ஓய்வுக்குப் பின் அண்ணன் மலைமேல் செண்பகனூரில் மகள் வீட்டில் இருந்தார். குளிர் அவருடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது முருகேசன் மலையேறி வந்து பார்த்தார். அதற்குள் ஓய்வு பெற்றிருந்த நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மாத்திட்டாங்களாடா?"

"போன மாசம் மறுபடி எரிஞ்சுச்சுண்ணே. கட்டிட்டாங்க."

"ஆம்பியர் பாத்தியா?"

"கூடத்தான் இழுக்குது."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் போய்விட்டார். காரியம் முடிந்ததும் முருகேசன் எடுத்துத் தந்த அட்டை நகல்களோடு, அந்த மோட்டாரை மாற்றச் சொல்லி மில்லுக்கு முறைப்படி ஒரு கடிதம் அனுப்பினேன்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மழையில் மலைப்பாதை இறங்கி அவரைக் கன்னிவாடிக்குக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநருக்கும், பதினாறு நாளும் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கடிதத்துக்கு ஒரே வாரத்தில் பதில் அனுப்பிய மில்லின் கொள்முதல் பிரிவுக்கும் நன்றி. பணியில் இல்லாதவர்களின் பரிந்துரைகளை ஏற்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வாசகத்தை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தவன் நான்தான். அதைத் திருத்த இப்போது எனக்கு அதிகாரமில்லை.