அக்கா எடுத்த கவர்

வேலைக்கான கடிதம் வந்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. கடிதத்தை பிரிண்ட் எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோம்.

இந்த முறை எட்டு மூலை. என் மகள் ஷாமினிக்கு இரண்டு கடிதங்கள். சட்டம் படித்து, பயிற்சியும் முடித்தவள். கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது... இந்தச் சட்ட வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கோலாலம்பூரின் இரண்டு பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் கூப்பிட்டுவிட்டன. எதில் சேர்வது?

லேப்டாப்பில் பட்டியல் போட்டாள். எங்கே பெரிய கட்சிக்காரர்கள், எங்கே நன்றாகக் கற்றுத் தருவார்கள், எங்கே ஆட்கள் இரண்டே வருடத்தில் ஓடிவிடுகிறார்கள்... எப்படிப் பார்த்தாலும் சமம். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை கையால எடுக்கட்டும்மா," என்றேன்.

அத்தை என்றால் என் அக்கா. நிபோங் திபால் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், கம்பெனி கொடுத்த வீட்டில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் அதே வீடுதான். ஷாமினியின் பள்ளி விடுமுறைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. அக்காவுக்குக் கைராசி என்பது குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். நான் கார் வாங்கினாலும் சாவி முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

இரண்டு கடிதங்களையும் தனித்தனிக் கவரில் போட்டு, தண்ணீர்மலைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பாலம் தாண்டி அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா கையைக் கழுவி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிரித்துக்கொண்டே பிரித்தார். பிரித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னக்கா?"

அக்கா எழுந்து உள்ளே போனார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வேறொரு கடிதத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் இரண்டு தாளின் உச்சியிலும் ஒரே நீலச் சின்னம் இருப்பதைப் பார்க்க இங்கிலீஷ் எதற்கு?

ஷாமினி வாங்கிப் படித்தாள். தோட்டத்தை விற்கிறார்கள். வீடுகளைக் காலி செய்ய வேண்டும். மறுத்த குடும்பங்கள் மேல் வழக்கு. பட்டியலில் மூன்றாவது பெயர் என் அக்காவுடையது.

அக்கா பக்கம் திரும்பினேன். "ஏங்க்கா சொல்லல?"

"புள்ள பயிற்சி முடிக்கிற நேரத்துல வந்துச்சு தம்பி. அப்புறம் நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே. எப்படி லா சொல்றது?"

"அப்ப அந்த இன்னொரு கம்பெனிக்கே போம்மா," என்றேன் மகளிடம்.

ஷாமினி அத்தைக்கு வந்த கடிதத்தின் கடைசி வரியைக் காட்டினாள். நகல் யாருக்கு என்ற இடத்தில், அந்த இன்னொரு நிறுவனத்தின் பெயர்.

"இவங்க தோட்டத்த விக்கிறவங்களுக்கு லாயர்ப்பா. அவங்க அத வாங்குற டெவலப்பருக்கு லாயர்."

விற்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று. நடுவில் என் அக்காவின் வீடு. எட்டு மூலையிலும் மஞ்சள் தடவியது நான்!

அதிர்ச்சி இத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரப் பத்தியில் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

இரண்டு கவரிலும் பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லி ஒரு பாரம் இருந்தது. உங்கள் நெருங்கிய உறவினர் யாருக்காவது எங்கள் கட்சிக்காரர்களோடு வழக்கோ தகராறோ உண்டா என்று ஒரு கேள்வி. ஷாமினி பேனாவைத் தேடினாள்.

"எழுதினா வேலை போயிடுமா?" என்று கேட்டேன்.

"போகலாம்ப்பா."

அப்போது ஒரு குரல் கேட்டது. "அத்தையெல்லாம் நெருங்கிய சொந்தத்துல வருமா?"

என் குரல்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நியாயம் சொல்கிற அதே ஆள். அக்கா போட்டுக் கொடுத்த தேநீர் கையில் இருக்க, அக்காவின் முகத்துக்கு நேரே கேட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அக்காவாவது திட்டியிருக்கலாம். "தம்பி சொல்றது சரிதாம்மா... எதுக்கு எழுதிக்கிட்டு," என்றார்.

ஷாமினி எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பாரத்திலும் அத்தையின் பெயரை எழுதினாள்.

அக்கா எடுத்த கவரின் நிறுவனம், ரொம்ப மரியாதையாக வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மற்றது, சொன்னதற்கு நன்றி, சேரலாம், அந்த விவகாரத்தின் பக்கம் மட்டும் வரக்கூடாது என்று எழுதியது. ஷாமினி இன்னும் பதில் போடவில்லை. முதலில் அத்தைக்கு ஒரு நல்ல வக்கீலைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"என் கைராசி போச்சா தம்பி?" என்று அக்கா போனில் கேட்டார்.

பெரிய நிறுவனங்களைத் தரம் பிரிக்க இணையத்தில் ஆயிரம் பட்டியல்கள் இருக்கின்றன. எதுவும் வேண்டாம். உங்களுக்குச் சங்கடமான ஒரு உண்மையைச் சொல்லிப் பாருங்கள், நிறுவனம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். கூடவே அப்பா எப்படிப்பட்டவர் என்பதும்.

நேற்று கிளினிக்கில் ஒரு பாரம் கொடுத்தார்கள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் யோசிக்காமல் அக்காவின் பெயரை எழுதினேன்.

அதற்குக் கீழே, முகவரி என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது.