கையெழுத்துக்கு அடியில் இரண்டு புள்ளி

இன்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில், கிரிக்கெட் வீரர்கள் கையெழுத்துப் போட்ட கார்டுகள் தொங்கின. கடைக்காரன் என் பழைய மாணவன் அந்தோணி.

“ஏலே, இதெல்லாம் அவங்களே போட்டதா?”

“சத்தியமா டீச்சர். மதுரை ஏர்போர்ட்ல காத்துக் கெடந்து வாங்குனது.”

உற்றுப் பார்த்தேன். எல்லா வீரர்களும் கையெழுத்துக்கு அடியில் கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இவன் ரேங்க் கார்டில் இவன் அப்பாவும் அப்படித்தான் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி விசாரித்தபோதுதான், அந்த மனிதர் கைநாட்டு வைப்பவர் என்று தெரிந்தது.

“பாத்தாலே தெரியுதுல்ல டீச்சர், ஒரிஜினல்னு?”

“நல்லாவே தெரியுதுப்பா.”

ஒரு கார்டு வாங்கிவிட்டேன். போலி என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். அது அசல் அந்தோணி கையெழுத்து. சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், நானே சான்றிதழ் தருகிறேன்.