அக்கா அனுப்பாத லீவு லெட்டர்

படத்திறப்பன்று எல்லோர் கையிலும் நினைவு மலர் இருக்க வேண்டும், நாளைக்குள் எழுதிக் கொடு என்று அக்காவின் கணவர், என் மச்சான், சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. மஸ்கட்டிலிருந்து வந்த நாள் முதல் உடம்பில் தெம்பில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காதவர் அக்கா ஒருவர்தான்.

அக்கா அவர்கள் ஆண்டிமடத்தில், முந்திரிக்காட்டுக்குக் கூலிக்குப் போன எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த கையோடு, அரியலூர் கல்லூரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் ஆங்கிலம் படித்தார். கீழப்பழுவூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஆங்கிலத்தில் மனு எழுதித் தந்தார். பிள்ளைகள் இருவரைப் படிக்க வைத்ததும், எங்கள் அம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்த்ததும் அந்த வேலையில்தான்.

லேசில் எழுதிவிட மாட்டார். பாதி நேரம் கேள்விதான். மகன் காணாமல் போய்விட்டான் என்று எழுதச் சொன்ன தா.பழூர்ப் பெரியவரிடம், "காணாமப் போனாரா, கோவிச்சுக்கிட்டுப் போனாரா? ரெண்டுக்கும் வேற வேற வார்த்தைங்க" என்றார். "கோவந்தாம்மா" என்று பெரியவர் அழுதுவிட்டார். 'ஐ பெக்' என்று தொடங்கும் பழைய மனுக்களை அப்படியே அடித்துவிடுவார். "லீவுதானே கேக்குறீங்க, பிச்சையா கேக்குறீங்க? ரிக்வெஸ்ட் போதும்." வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "இந்தம்மாகிட்ட லெட்டர் வாங்குறதுக்குள்ள பஸ்ஸு போயிரும்."

எனக்கும் அதே கண்டிப்புதான். மூன்று வருடம் முன்பு பொங்கலுக்கு வர ஆசைப்பட்டு, "அம்மா சீரியஸ்னு கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டுடுக்கா" என்று போனில் கெஞ்சினேன்.

"அம்மாவுக்கு முட்டி வலிடா. அதுக்கு சீரியஸா? இப்பவே அந்த வார்த்தையை எழுதிட்டா, நெசமா ஆபத்துன்னு எழுதுறப்ப எவன் நம்புவான்?"

"ஊரே எழுதுது. நீ மட்டும் என்ன, சத்தியத்துக்கு வாக்கப்பட்டவளா?" என்று கத்திவிட்டு இரண்டு மாதம் பேசவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

இந்த வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. திருச்சியில் வைத்தியம். எனக்கு யாரும் சொல்லவில்லை. தம்பிக்கு ஆங்கிலம் பழகட்டும் என்று எப்போதும் ஆங்கிலத்தில்தான் மெசேஜ் அனுப்புவார். அப்போதும் அனுப்பினார். லேசாக டயர்டாக இருக்கிறது, நீ வருவதற்குள் சரியாகிவிடும் என்று இருந்தது. அக்கா லேசு என்றால் லேசுதான். லீவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் அவசரப்படவில்லை.

மச்சான் போன் செய்து, நான் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது, அக்கா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

காரியம் முடிந்ததும் மச்சானிடம் சண்டைக்கே போனேன். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அவர் அக்காவின் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். என் கம்பெனி மேனேஜருக்கு ஒரு பக்கக் கடிதம். இவருடைய அக்கா சீரியஸாக இருக்கிறார், உடனே அனுப்பிவைக்கவும். அதே நறுக்கான கையெழுத்து.

"திருச்சில சேத்த அன்னிக்கே எழுதிட்டா மாப்ள. அனுப்பட்டுமான்னு தெனம் கேட்டேன். 'பாதியில வந்தா அவன் வேலை போயிரும், அடுத்த வாரம் பாக்கலாங்க'ன்னே சொல்லிட்டா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டா" என்று அழுதார்.

ஊருக்கெல்லாம் சரியான வார்த்தை தேடிக் கொடுத்தவர் எனக்கு மட்டும் லேசு என்று பொய் எழுதினார். எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்த அக்காவின் ஓரகத்தி அவர்களுக்கும், தினமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், கடையை மூடிவிட்டு வந்து தோள் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திரும்பிப் போகும்போது, திடீரென்று கிளம்பியதற்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று கம்பெனியில் கேட்கிறார்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அக்கா எழுதியதையே கொடுக்கப்போகிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.