பட்டாளப் பச்சை

தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில் நான் லேத் பட்டறை வைத்திருந்தபோது நடந்தது இது. சித்திரை மாதம். அந்த வருஷத்து வெயிலைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

என் மனைவியின் தம்பிக்கு வண்டிப் பைத்தியம். ஒரு பழைய பஞ்சாலைக் கிட்டங்கியில் மூடிக் கிடந்த ஜீப் ஒன்றை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்தது. போர் முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்டிருக்கிறார்கள். ஸ்டியரிங் இடது பக்கம். முன்கண்ணாடியை அப்படியே பானெட் மேல் மடக்கிப் போடலாம். இந்த ஜில்லாவிலேயே இப்படி இன்னொன்று கிடையாது என்று என் காதைத் தின்றான். எனக்கு அது துருப்பிடித்த தகரமாகத்தான் தெரிந்தது. ஆனால் மச்சினன் கேட்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா?

ஒரு வருஷத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டினோம். கடையில் கிடைக்காத சாமான்களை நானே கடைந்தேன். இன்ஜின் முதன்முதலாக உயிர் பெற்று உறுமியபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் பெயின்ட் விவகாரம். மச்சினன் பழையபடி பட்டாளப் பச்சைதான் என்று பிடிவாதம் பிடித்தான். தனியார் வண்டிக்கு அந்த நிறம் அடிக்கக்கூடாது, அது ராணுவத்துக்கு மட்டும்தான் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை அசல் கோலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றிவிடுவதாகச் சொன்னான். பானெட்டில் வெள்ளை நட்சத்திரமும் போட்டான்.

வெள்ளோட்டத்துக்குப் பிளவக்கல் அணைக்குப் போவது என்று முடிவு செய்தோம். அப்போது அக்கம்பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் கலவரம். பஸ்கள் நின்றிருந்தன. இரவில் போலீஸ் புகுந்து ஆம்பளைகளை அள்ளிக்கொண்டு போவதாகப் பேச்சு. எங்களுக்கு அதெல்லாம் டீக்கடையில் படித்துவிட்டு மடித்து வைக்கிற பேப்பர் செய்தி. ரோடு காலியாக இருப்பது வண்டி ஓட்டத் தோது என்று சந்தோஷம்தான் பட்டோம். வழியில் ஓரிடத்தில் காட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

அணை அருகே சரிவில் வண்டியை நிறுத்தினோம். ஹேண்ட் பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் எடுக்கக் குனிந்த மச்சினன், கையை உதறிக்கொண்டு துள்ளினான். கல்லுக்கு அடியில் கண்ணாடிவிரியன். நான் பார்க்கும்போதே புதருக்குள் ஊர்ந்து போனது.

"ஒண்ணுமில்ல அத்தான், நீங்க வண்டிய எடுங்க" என்றான். முகம் வெளுத்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைப்பான். இல்லாவிட்டால் அவன் அக்காவிடம் நான் என்ன சொல்வேன்? என் மனசில் ஓடியது அவ்வளவுதான். வத்திராயிருப்பு தாண்டியதும் வண்டி திக்கித் திணறி நின்றது. வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. ஈரத்துணி சுற்றிக் குளிர வைத்தால் ஓடும். கேனில் இருந்த தண்ணீரை ஊற்றினேன், ஓடியது. செத்த நேரத்தில் மறுபடி நின்றது. கேனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது.

ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஊர். ஓடினேன். நான் நுழையவும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்கிறது. தண்ணீர் கேட்டுக் கத்துகிறேன், பதில் இல்லை. மனுஷங்கதானா இவங்க என்று ஆத்திரம் பொங்கியது. ஒரு கதவைக் கையால் ஓங்கி அடித்தேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் திறந்தாள்.

"ஆம்பளைக ஒருத்தரும் இல்ல சார். தேடணும்னா தேடிக்கிடுங்க. பிள்ள இப்பத்தான் தூங்குச்சு, எழுப்பிராதீக."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ரோட்டில் நின்ற பச்சை ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஓடியவர்களும், நாங்கள் சிரித்த சிரிப்பும் நெஞ்சில் வந்து குத்தின. நாங்கள் போலீஸும் இல்லை, பட்டாளமும் இல்லை, பாம்பு கடித்த ஆள் வண்டியில் கிடக்கிறான் என்று கும்பிட்டேன்.

அவள் ஜீப் வரைக்கும் நடந்து வந்து, அவன் வாயோரத்து ரத்தத்தைப் பார்த்தாள். திரும்பிச் சோளக்காட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். பயிருக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தார். அவள் புருஷன். மூன்று நாளாக அங்கேதான் படுத்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஓட்ட நான் ஒருவன். பம்ப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வர இன்னொருவர் வேண்டும். டவுனில் போலீஸ் நிற்கும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, "வாரேன், எடுங்கண்ணே" என்றார். இரண்டு பேருமாகப் பானெட்டைக் கழற்றி அங்கேயே போட்டோம். அந்த ஜீப்பின் மட்கார்டு பலகை மாதிரி தட்டையாக இருக்கும். அதில் உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் துண்டை நனைத்து நனைத்து பம்ப்பைச் சுற்றிக்கொண்டே வந்தார். இன்ஜின் அனலில் அவர் புறங்கை கொப்பளித்ததை நான் பார்த்தேன். வண்டி நிற்கவே இல்லை.

டவுனுக்குள் நுழையும் இடத்தில், ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, போலீஸ் மறித்தது. ஜீப்பைப் பார்த்து முதலில் விறைப்பாக நின்றவர்கள், அருகில் வந்ததும் எந்த ஊர் என்று எங்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். தண்ணீர் ஊற்றி வந்தவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். நான் இறங்கி எவ்வளவோ மன்றாடினேன். கேட்பாரில்லை. பின்னால் மச்சினன் ரத்தமாகத் துப்பினான்.

"நீங்க போங்கண்ணே. அவியளப் பாருங்க" என்றார் அந்த மனிதர், அடி விழுந்துகொண்டிருக்கும்போதே.

போனேன். வேறு என்ன செய்ய முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மச்சினன் பிழைத்தான். மூத்திரம் பிரியாமல், உடம்பெல்லாம் ஊதி, சாவின் வாசல் வரை போய்த் திரும்பினான். அவன் கண் திறந்ததும் நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதற்குள் அவரை மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வக்கீலைப் பிடித்தேன். கலவர வழக்கு, அவ்வளவு லேசில் ஜாமீன் கிடைக்காது என்றார். அந்த மனிதர் வெளியே வர மாதக்கணக்கானது. வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. மச்சினன் உடம்பு தேறியதும் முதல் வேலையாக, யாரையும் தொடவிடாமல், அந்தப் பச்சையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தான். அதன்பின் அவன் அந்த ஜீப்பில் ஏறவில்லை.

அவர் ஜெயிலில் இருந்தபோதே அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். வத்திராயிருப்புக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தேன். என்னவெல்லாம் திட்டுவாளோ, வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன். வாசலுக்கு வந்தவள், புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் என்னைக் கேட்டாள்.

"கடிபட்டவிய பொழச்சிட்டாகளா?"

பிழைத்துவிட்டான் என்று தலையைக் குனிந்தபடியே சொன்னேன். சாத்திய கதவைக் கண்டு யார் மேலாவது கோபம் வரும்போதெல்லாம், அன்று அவள் முன்னால் தலை குனிந்து நின்ற அந்த வெட்கம் இன்றைக்கும் என் வாயை அடைத்துவிடுகிறது.