மேஸ்திரி வீட்டுத் தரை

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்தவர்களுக்கும் அதுதான் வாயில் வரும். என் வீட்டுக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. நான் அவருக்கே சித்தாள். பாகூரிலிருந்து வில்லியனூர் வரைக்கும் எத்தனையோ வீடுகளில் முகம் தெரிகிற மாதிரி தரை போட்டுவிட்டு, சாயங்காலம் எங்கள் ஊர் சோரியாங்குப்பத்துக்குத் திரும்பி, வெடித்துப்போன சிமெண்ட் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். வெடிப்பிலிருந்து எறும்பு வரிசையாக வரும். அதற்கும் ரெண்டு பருக்கை போடுவேன்.

சீட்டுப் பணம் எடுத்த தைரியத்தில், தை பிறந்ததும், நம் வீட்டுக்கும் டைல்ஸ் போட்டால் என்ன என்று கேட்டேவிட்டேன். அவர் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் ஊரார் வீட்டு மிச்சமெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். ஒரு வீட்டு பாத்ரூம் பச்சை, இன்னொரு வீட்டு மாடிப்படிக் கறுப்பு, எந்த வீட்டுச் சமையலறைச் சுவருக்கோ வாங்கிய திராட்சைக் கொத்துப் படம் போட்ட கல் ஏழு.

"இத்த வெச்சே போட்டுட்லாம். டிசைன் மாரி இருக்கும்," என்றார்.

"மத்தவங்க வூட்டு மிச்சத்துலதான் நாம நடக்கணுமா? எனக்குப் புதுசு வோணும். ஒரே கலரு. நானே கடைக்குப் போயி எடுக்கணும்."

"இன்னாடி, கல்லுதானே?"

கல்தானாம்! வந்த கோபத்தில் மூன்று நாள் வெறும் ரசம் வைத்தேன். மீன்காரம்மா வாசலில் கூவும்போதெல்லாம், அவர் காதில் விழுகிற மாதிரி வேண்டாம் என்றேன். நாலாம் நாள், "ஞாயித்துக்கெழம கடைக்குப் போலாம் வா," என்றார்.

வில்லியனூரில் நாங்கள் போன கடைக்காரருக்கு இவரைத் தெரியும். "வாங்க மேஸ்திரி, எந்த சைட்டுக்கு? ஓனர் வரலியா?" என்றார்.

"நான்தான் ஓனர்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பதறிப்போய் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. இத்தனை வருஷம் பெட்டி பெட்டியாகச் சுமந்தவளுக்குக் கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை விளக்கில் எல்லாக் கல்லும் அழகுதான். அதனால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனேன். இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து வளைவு பார்த்தேன். பாட்டில் தண்ணீரை ஊற்றி, குதிகாலால் தேய்த்து, வழுக்குகிறதா என்று பார்த்தேன். கடைக்காரர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்.

"கம்முனு இருங்க. அது அப்டித்தான்," என்றார் இவர். பெருமையை மறைக்க அவருக்கு எப்போதுமே வராது.

சந்தன நிறம் எடுத்தேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பர்தானா என்று பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்ற விட்டேன்.

கல் வந்து ஒரு மாதம் சுவரோரம் நின்றது. கேட்டால், "அடுத்த வாரம்."

"எல்லார்கிட்டயும் வுடுற கதைய என்கிட்டயே வுடுறியா? நீ கத வுடும்போது பக்கத்துல நின்னு தலையாட்டுனவளே நான்தான்யா!"

சிரித்துவிட்டார். மறுநாளே மட்டத்துக்கு நூல் கட்டி வேலையை ஆரம்பித்தார்.

நான் கலவை போட்டேன், கல்லைத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினார். பொக்கென்று சத்தம் கேட்டால், "தூக்கு" என்பேன். முறைத்துக்கொண்டே தூக்கி, அடியில் கலவையை நிரவுவார். வேறு எந்த வீட்டிலும் நான் இப்படி வாய் திறந்ததில்லை. உள்ளேயிருந்து வாசலைப் பார்த்து வரிசை வரிசையாக வந்தோம். எனக்கு இருந்த சந்தோஷத்தில் மூன்று நாளும் இடுப்பு வலியே தெரியவில்லை.

கடைசியில் வாசற்படியோரம் ஒரே ஒரு கல் பாக்கி. இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீடானாலும் கடைசிக் கல்லைத் தான் வைக்கமாட்டார். மஞ்சள் குங்குமம் தடவி, அந்த வீட்டு அம்மா கையால்தான் வைக்கச் சொல்வார். அவர்களைக் கூட்டிவருவது என் வேலை. அவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வருவார்கள். நான் சிமெண்ட் கையோடு ஓரமாக ஒதுங்கிக்கொள்வேன்.

அன்றைக்கும் கலவையைப் பரப்பிவிட்டு, குனிந்த தலை நிமிராமல், "கடேசிக் கல்லு. வூட்டுக்காரம்மாவ வரச்சொல்லு," என்றார்.

"தோ," என்று கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கே போய், "அம்மா, மேஸ்திரி கூப்புடறாரு!" என்று குரலும் கொடுத்துவிட்டேன்.

கொல்லையில் கோழிகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அப்படியே நின்றுவிட்டேன்.

"அம்மா, வர்றீங்களா? கலவ காயுது!" என்று வாசலிலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

குழாயைத் திறந்து, சிமெண்ட் போகக் கையைத் தேய்த்துக் கழுவினேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன்.